கப்பல் அறையில் சாப்பிட்ட தட்டை எங்கே வைப்பது?

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் எல்லோரும் டர்பனிலிருந்து மொசாம்பிக் பக்கம் போய்வரும் உல்லாசக் கப்பலில் போனோம். ஏறிய நாள் வெள்ளிக்கிழமை. மாமியாருக்கு அன்று விரதம், கவிச்சி பக்கமே போகமாட்டார். பஃபேயில் இறைச்சித் தட்டுகளுக்கு நடுவில் நின்று எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதனால் ரூம் சர்வீஸில் அறைக்கே சாப்பாடு வரவழைத்தோம். சாப்பிட்டு முடித்ததும் கணவர் ட்ரேயை அப்படியே கதவுக்கு வெளியே வைத்தார். "எச்சில் தட்டை நாலு பேர் நடக்கிற இடத்திலா வைக்கிறது?" என்று மாமியார் அதை உள்ளே எடுத்துவந்து பாத்ரூம் வாஷ்பேசினில் கழுவி வைத்தார். மறுநாள் காலையும் கணவர் காரிடாரில் வைத்தார். பக்கத்து அறைப் பெரியவர் கைத்தடியோடு நடப்பவர். அதில் இடறித் தடுமாறிவிட்டார். நல்லவேளை, விழவில்லை. எதிர் அறைக்காரர்களோ தங்கள் தட்டுகளையும் கொண்டுவந்து எங்கள் கதவோரம் அடுக்கிவிட்டுப் போனார்கள். "ஹோட்டலில் எல்லோரும் இப்படித்தானே வைக்கிறார்கள்" என்கிறார் கணவர். "இனிமேல் நாமே மேலே பஃபேக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்" என்கிறார் மாமியார். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்காகப் பிப்ரவரியில் மறுபடியும் கப்பல் ஏறுகிறோம். யார் சொல்வது சரி?
— வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் மாமியாரின் எண்ணம் சரி. எச்சில் தட்டு நாலு பேர் கால்படும் இடத்தில் கிடக்கக்கூடாது என்ற அவருடைய பழக்கம் கப்பலில் இன்னும் அதிகமாகவே பொருந்தும். ஆனால் தட்டை வாஷ்பேசினில் கழுவுவதும் பஃபேக்குத் தூக்கிக்கொண்டு போவதும் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். உங்கள் கணவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. சாப்பிட்ட ட்ரேயைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்கிற கப்பல் நிறுவனங்கள் உண்டு. வெளியே வைக்காதீர்கள், போன் செய்தால் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்கிறவையும் உண்டு. எல்லாக் கப்பலுக்கும் ஒரே விதி கிடையாது. அதனால் முதல் நாளே கேட்டுவிடுவதுதான் முறை. ஏறியதும் உங்கள் அறையைக் கவனிக்கும் ஸ்டூவர்ட் வந்து தன்னை அறிமுகம் செய்துகொள்வார். "சாப்பிட்ட தட்டை என்ன செய்யட்டும்?" என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதுதான் அந்தக் கப்பலின் வழக்கம்.

கேட்க மறந்துவிட்டால், அல்லது பதில் தெளிவாக இல்லாவிட்டால், ட்ரேயை அறைக்குள்ளேயே மேசைமேல் வைத்துக்கொண்டு ரூம் சர்வீஸ் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பிறருக்கு இடைஞ்சல் இல்லாத வழி அதுதான். வர அரை மணி நேரம் ஆகலாம். ஆகட்டும். அந்த அரை மணி அறையில் குழம்பு வாசம் இருந்தால் யாருக்கும் கால் முறியப் போவதில்லை.

ஹோட்டலோடு ஒப்பிடுகிறாரே உங்கள் கணவர், அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஹோட்டல் நடைபாதை ஆடாது. கப்பல் காரிடார் ஆடும். அதுவும் நம்முடைய இந்தக் கடற்கரையில்! டர்பனை ஒட்டித் தெற்கே ஓடுகிற அகுலாஸ் நீரோட்டம் உலகத்திலேயே வேகமானவற்றில் ஒன்று. தென்மேற்குக் காற்று அதை எதிர்த்து அடிக்கும்போது அலைகள் செங்குத்தாக எழும்பும். தரையில் வைத்த ட்ரே அப்போது வைத்த இடத்தில் இருக்காது. கிண்ணம் ஒரு பக்கம் உருளும், எண்ணெய் கம்பளத்தில் கொட்டும். கைத்தடியோடு நடக்கிற பெரியவருக்கு, கப்பல் சாயும்போது ஒரு கை சுவரோரக் கைப்பிடிக் கம்பியில் இருந்தாக வேண்டும். அந்தக் கம்பிக்கு நேர் கீழேதான் எல்லோரும் ட்ரேயை வைக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர் சுற்றிக்கொண்டு போகவும் அங்கே இடம் இருக்காது.

அந்தக் காரிடார் ஆபத்து நேரத்தில் எல்லோரும் தப்பிக்க வேண்டிய வழியும்கூட. சுவரின் அடிப்பக்கம் ஒளிரும் பட்டை ஒன்று ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காகப் போட்டதில்லை. சோலாஸ் என்கிற சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிகளின்படி, பயணிகள் கப்பலில் தப்பிக்கும் வழியைக் காட்டும் ஒளி தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு மேல் போகாத உயரத்தில் இருக்க வேண்டும். புகை மேலே ஏறும், மேல் விளக்குகள் மறைந்துபோகும், ஆட்கள் குனிந்தோ தவழ்ந்தோதான் போக வேண்டியிருக்கும். அப்போது அவர்கள் கண்ணுக்குத் தெரியும் ஒரே வழிகாட்டி அந்தப் பட்டை. மூடி போட்ட ஒரு சாப்பாட்டு ட்ரே அதை மறைக்கிற உயரம்தான்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று உங்கள் கணவர் கேட்டால், 1991 ஆகஸ்டு மாதத்தை அவருக்கு நினைவுபடுத்துங்கள். ஓஷனோஸ் என்ற கிரேக்கப் பயணிகள் கப்பல் நம் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்திலிருந்து நம் டர்பனுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. வழியில் வைல்டு கோஸ்ட் என்கிற கடற்கரைப் பகுதி அருகே புயலில் எஞ்சின் அறைக்குள் தண்ணீர் புகுந்து, மின்சாரம் போய், மறுநாள் கப்பல் மூழ்கியே போனது. அதில் இருந்த 571 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். விமானப் படை ஹெலிகாப்டர்கள், கடற்படை முக்குளிப்பவர்கள், அந்தப் பக்கம் வந்த மற்றக் கப்பல்கள் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. டர்பனில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த வார இறுதி நன்றாக நினைவிருக்கும். சாய்ந்த கப்பலில், இருட்டில், அத்தனை பேரும் மேல்தளத்துக்குப் போய்ச்சேர வேண்டியிருந்தது. நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆபத்து வரும்போது, வழியில் கிடப்பதை எடுத்து ஒதுக்கி வைக்க யாருக்கும் நேரம் இருக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

கப்பலே வெளியே வைக்கச் சொன்னால்? அப்போது உங்கள் கதவை ஒட்டி, சுவரோடு சேர்த்து வையுங்கள். கதவு உள்வாங்கி இருந்தால் அந்த இடைவெளிக்குள்ளேயே வைக்கலாம். படுக்கப் போகும் முன் வைத்துவிட்டு விடியும்வரை விட்டுவிடாமல், வைத்ததும் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தட்டு வெளியே இருக்கிறது என்று நாம் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்? காரிடார் நடுவே இருக்கும் தீத்தடுப்புக் கதவுகள் பக்கமாக மட்டும் எதையும் வைக்கவே கூடாது. அவை தாமாக மூடிக்கொள்ள வேண்டிய கதவுகள்.

எதிர் அறைக்காரர்கள் செய்தது தவறு. தன் எச்சிலைப் பிறர் வாசலில் வைப்பது எந்த ஊரிலும் மரியாதை ஆகாது. மறுபடி நடந்தால் அந்தத் தட்டுகளை அவர்கள் கதவுக்கு நகர்த்த வேண்டாம், சண்டையும் வேண்டாம். "எங்கள் வாசலில் எங்களுடையது அல்லாத தட்டுகள் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று போனில் சொல்லுங்கள். போதும்.

இனி மாமியாரின் இரண்டு யோசனைகள். கப்பலின் சமையலறைப் பாத்திரங்கள் மனிதக் கை தாங்காத சூட்டில் இயந்திரத்தில் கழுவப்படுகின்றன. கடைசி அலசல் 82 டிகிரி வெந்நீரில் நடப்பது வழக்கம். நீங்கள் கழுவிக் கொடுத்தாலும் அந்தத் தட்டு மறுபடி அதே இயந்திரத்துக்குள்தான் போகும். ஆக, யாருடைய வேலையும் குறையவில்லை. பல் தேய்க்கிற இடத்தில் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் போய் அடைத்துக்கொள்வதுதான் மிச்சம். டாய்லெட்டில் கொட்டலாம் என்ற நினைப்பும் யாருக்கும் வேண்டாம். கப்பல் டாய்லெட் காற்றழுத்தத்தால் உறிஞ்சி இழுக்கிற வகை, குழாய்கள் குறுகல். ஒரு அறையில் அடைத்தால் அந்த வரிசை அறைகள் எல்லாம் அவதிப்படும். மிச்சம் மீதியை ஒரே தட்டில் வழித்து வைத்தால் போதும் என்று மாமியாரிடம் சொல்லுங்கள். அவர் மனதுக்கும் அது ஆறுதலாக இருக்கும்.

பஃபேக்கு எடுத்துக்கொண்டு போவது ஏன் கூடாது? நோரோ வைரஸ்தான் காரணம். வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் இந்தக் கிருமி கப்பல் போன்ற நெருக்கமான இடத்தில் வேகமாகப் பரவும். மிகக் கொஞ்சமாக உடலுக்குள் போனாலே நோய் வரும். எச்சில் தட்டைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் பொத்தானை அழுத்தி, படிக்கட்டுக் கம்பியைப் பிடித்து, நூறு பேர் சாப்பாடு எடுக்கும் இடத்துக்குப் போவது பிறருக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல. பஃபே வாசலில் வைத்திருக்கும் ஹேண்ட் சானிடைசர் இந்த வைரஸுக்குப் போதாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். அறையில் யாருக்காவது வாந்தி, பேதி வந்தால் ட்ரே வெளியே போகவே கூடாது. மருத்துவ அறைக்குச் சொல்லுங்கள். தட்டு, துணி எல்லாவற்றையும் எப்படி எடுப்பது என்று அவர்களுக்குத் தனி முறை இருக்கிறது. மறைத்தால் அறையோடு இருக்கச் சொல்லிவிடுவார்களே என்ற பயம் போகும், ஆனால் அந்தத் தட்டை எடுக்க வருகிற பிள்ளைக்கு நோய் போய்ச் சேரும்.

அந்தப் பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தக் கப்பல்களில் வேலை செய்கிறவர்கள் இந்தியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்று எங்கெங்கிருந்தோ வந்து, மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து இருப்பவர்கள். தமிழ் பேசுகிறவர்களையும் பார்க்கலாம். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி ஒரு நாளில் 14 மணி நேரம் வரை அவர்களிடம் வேலை வாங்கலாம். அதுதான் உச்ச வரம்பு. அந்த நீண்ட நாளின் முடிவில் ஒருவர் வந்து உங்கள் ட்ரேயைக் குனிந்து தூக்குகிறார். அவர் ஒரே தூக்கில் எடுத்துப் போகும்படி அடுக்கி வைப்பது நம் கையில் இருக்கிறது. கனமானதை நடுவில் வையுங்கள். கண்ணாடி டம்ளரைத் தட்டுகளின் மேல் ஏற்ற வேண்டாம். கத்தி, முள்கரண்டி எல்லாம் ஒரே தட்டில் ஒரே பக்கம் பார்த்து இருக்கட்டும். உலோக மூடி இருந்தால் மேலே போட்டுவிடுங்கள். பந்தியில் இலையை மடித்துவிட்டு எழுகிறோமே, அந்த அளவு கவனம்தான். டம்ளர் உடைந்திருந்தால் ட்ரேயில் ஒளித்து வைக்காமல் போனில் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் குடும்பங்களில் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் நிறைய. சாப்பாட்டுக்கு முன் ஊசி போட்டுவிட்டு, அதைக் கைத்துடைப்பானில் சுற்றி அதே ட்ரேயில் வைத்துவிடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். எடுக்கிறவர் கையில் குத்தினால் அவர் எத்தனை நாள் பரிசோதனைக்கும் பயத்துக்கும் ஆளாவார்! பயன்படுத்திய ஊசியைப் போட்டு வைக்க ஒரு கெட்டியான டப்பாவை ஸ்டூவர்ட்டிடம் கேட்டால் தருவார்கள். அதேபோல, பல்செட்டையும் காது கேட்கும் கருவியையும் கைத்துடைப்பானில் சுற்றி வைத்தால் அவையும் ட்ரேயோடு போய்விடும். அப்புறம் தேடிக் கிடைப்பது கஷ்டம்.

பால்கனி உள்ள அறை எடுத்தால் தட்டை அங்கே வைக்காதீர்கள். காற்று கைத்துடைப்பானையும் பிளாஸ்டிக் உறையையும் கடலுக்குள் கொண்டுபோய்விடும். மிச்ச ரொட்டியை மீனுக்குப் போடுவோம் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டால் அதையும் தடுங்கள். மார்போல் என்ற சர்வதேச உடன்படிக்கைப்படி கப்பலிலிருந்து பிளாஸ்டிக் கடலில் விழவே கூடாது. உணவுக் கழிவைக்கூட அரைத்த பிறகு, கரையிலிருந்து குறைந்தது 3 கடல் மைல் தள்ளித்தான் விட வேண்டும். அரைக்காததென்றால் 12 கடல் மைல். மொசாம்பிக்கின் போமேனே பக்கம் கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிற இடம் பாதுகாக்கப்பட்ட இயற்கை வளப் பகுதியை ஒட்டியது. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

டிப்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கப்பல்களில் சேவைக் கட்டணம் தினமும் உங்கள் கணக்கில் ஏறிவிடும். அதற்குமேல் ஏதாவது கொடுக்க விரும்பினால், சாப்பாடு கொண்டுவருகிறவர் கையில் அப்போதே கொடுங்கள். தட்டு எடுக்க வருகிறவர் வேறு ஆளாக இருக்கலாம். எச்சில் ட்ரேயில் பணம் வைக்காதீர்கள்.

பக்கத்து அறைப் பெரியவர் விஷயம் முடிந்துபோனது. அதை நினைத்து உங்கள் கணவரை இனியும் குத்திக்காட்ட வேண்டாம். அடுத்த முறை இப்படி நடந்தால், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே போய், "மன்னிச்சிடுங்க ஐயா, அடி ஏதும் பட்டதா?" என்று கேட்டு, அவர் கண் முன்னாலேயே ட்ரேயை உள்ளே எடுத்துவிடுங்கள்.

பிப்ரவரிப் பயணத்துக்கு டிக்கெட் போட்டவரிடம் இப்போதே பேசுங்கள். மாமியாருக்குச் சைவ உணவு வேண்டும், வெள்ளிக்கிழமை இறைச்சியும் முட்டையும் தொடாத சாப்பாடு வேண்டும் என்று முன்கூட்டிப் பதிவு செய்தால், உணவகத்தில் மேசைக்கே தனியாகக் கொண்டுவந்து பரிமாற ஏற்பாடு செய்வார்கள். ஏறிய அன்றே உணவக மேற்பார்வையாளரை ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பஃபே வரிசையில் நிற்க வேண்டிய சங்கடம் அவருக்கு இல்லாமல் போகும். பிறந்தநாள் அன்று அவரும் பேரப்பிள்ளைகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம்.