மீனுக்காகவா றோட்டுப் போடுகிறார்கள்?

கேள்வி: என் தம்பி அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் காட்டு றோட்டு வேலை செய்கிறான். மரம் ஏற்றும் லொறிகள் ஓடுகிற மண் றோட்டுக்குக் கல் போடுவதும் மதகு மாற்றுவதும் சால்மன் மீனுக்காக என்கிறான். றோட்டுக்கும் மீனுக்கும் என்ன தொடர்பு, ஐயா?
– வாசகி, சண்டிலிப்பாய்

பதில்: தம்பி சொன்னது உண்மைதான், அம்மா. சால்மன் கடலில் வளர்ந்தாலும் முட்டையிட ஆற்றுக்கே திரும்பி வரும். பெண் மீன் வாலால் அடித்துக் கூழாங்கல்லில் பள்ளம் பறித்து, முட்டையிட்டு மூடிவிடும். கல் இடுக்குகளால் ஓடுகிற தண்ணீர்தான் அந்த முட்டைகளுக்கு மூச்சு. அவை மாதக்கணக்கில் அங்கேயே கிடக்க வேண்டும், அந்த மாதங்கள்தான் அங்கே மழைக்காலமும். ஈரமான றோட்டை லொறிச் சில்லுகள் அரைத்து மாவாக்க, அந்தச் சேறு றோட்டோர வாய்க்காலால் நேரே ஓடைக்குள் இறங்கி இடுக்கெல்லாம் அடைத்துவிடும். முட்டை மூச்சில்லாமல் சாகும். மாரியில் ஒழுங்கை வெள்ளம் வழுக்கை ஆற்றில் சேரும்போது தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதனால்தான் ஓடைக்குக் கிட்டே இருக்கிற துண்டுக்கு, நொறுங்காத கருங்கல் போடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு வேலை: வாய்க்கால் ஓடைக்குப் போய்ச் சேர முதலே அதைத் திருப்பி, தண்ணீரைக் காட்டுத் தரையில் விட்டுவிடுவது. சருகும் மண்ணும் சேற்றைப் பிடித்துக்கொள்ளும். பெரிய செலவும் இல்லை.

சரி, மதகு எதற்கு? றோட்டுக்கு அடியால் ஓடையைக் கொண்டுபோகிற பழைய குழாய்கள் ஒடுக்கமானவை. மழை வெள்ளம் உள்ளே சீறிப் பாய, கீழ்ப்பக்கம் மண் அரித்துப்போய்க் குழாய் வாய் அந்தரத்தில் நிற்கும், மீன் அதில் ஏற முடியாது. அதை எடுத்துவிட்டு ஓடையின் அகலத்துக்கு மதகோ பாலமோ போட வேண்டும். தேவையில்லாத றோட்டு என்றால் குழாயையும் மேலே கொட்டிய மண்ணையும் அள்ளிவிட்டு காட்டிடமே விட்டுவிடுவார்கள்.

இது அவர்கள் விரும்பினால் செய்கிற வேலை இல்லை. வாஷிங்டன் மாநிலத்தில் 1999-இல் வந்த சட்டத்தின்படி, பெரிய காட்டு உரிமையாளர்கள் தங்கள் பழைய றோட்டுகளைத் திருத்தத் திட்டம் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. அந்த வேலையை முடிக்க முதலில் 2016 என்றிருந்த கெடு பிறகு 2021 வரை நீண்டது.

தம்பி மாற்றிய மதகுகளில் மீன் ஏறியதா என்று கேட்டு எழுதுங்கள், அம்மா. அறிய ஆவலாக இருக்கிறேன்.