டாக்டர் சென்னையில், நோய் வீட்டில்

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது. சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். நான்கு வருடமாக லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பொதிகை ரயிலில் சென்னைக்குப் போய், விடிந்ததும் ஓ.பி. வரிசையில் நின்று, மதியம் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. கேட்க நினைத்ததெல்லாம் திரும்பி வரும்போதுதான் ஞாபகம் வருகிறது. இங்கே காய்ச்சல் என்று போனால், ‘லூபஸா? சென்னைக்கே போயிடுங்க’ என்கிறார்கள். மாமியாரோ ‘பார்த்தா நல்லாத்தானே இருக்கே’ என்கிறார். போன தடவை நான் போகவில்லை. மாத்திரையும் தீரப்போகிறது. பேசாமல் விட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம்

பதில்: விட்டுவிடாதீர்கள். முதலில் மாத்திரையைப் பார்ப்போம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் திடீரென்று நிறுத்தவே கூடாது. உடம்பு தானே சுரக்க வேண்டியதை இத்தனை நாள் மாத்திரையிடம் விட்டுப் பழகியிருக்கும், சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் தீரும்வரை காத்திருக்காமல் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். ‘புது வைத்தியம் வேண்டாம், சென்னைக்குப் போகும்வரை இதையே தொடர வேண்டும்’ என்று கேளுங்கள்.

எனக்கு 14 வருடமாக முடக்குவாதம். நானும் இப்படி அலைந்தவள்தான். நிபுணரை நம் ஊருக்குக் கொண்டுவர நம்மால் முடியாது, ஆனால் பக்கத்தில் இருக்கும் ஒரு பொது மருத்துவரை நம் நோய்க்குப் பழக்கிவிட முடியும். அவர்கள் ‘சென்னைக்குப் போ’ என்பது பாதி பயத்தில். சென்னை டாக்டரிடம் அடுத்த முறை இதை மட்டும் கேட்டு வாங்குங்கள்: என்ன நோய், என்ன மருந்து, எந்த அளவு, காய்ச்சல் வந்தால் உள்ளூரில் என்ன செய்யலாம், எது நடந்தால் உடனே அனுப்ப வேண்டும். ஒரே தாள், அவர் கையெழுத்தோடு. என் தாளில் முடக்குவாத மாத்திரைக்கு ‘மெத்தோட்ரெக்சேட், வாரம் ஒரு நாள், ஞாயிறு மட்டும்’ என்று சிவப்பில் எழுதியிருக்கும், அதைத் தினமும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. கேள்விகளையும் ரயில் ஏறுவதற்கு முந்தின நாளே எழுதிவிடுங்கள். மூன்று போதும், ஃபைலைத் திறப்பதற்கு முன்னாலேயே நீட்டிவிடுங்கள்.

லூபஸ் சத்தமில்லாமல் சிறுநீரகத்தைப் பிடிக்கும். சிறுநீரில் புரதம் போகிறதா என்ற பரிசோதனைக்கும் ரத்த அழுத்தம் பார்க்கவும் சென்னை வரை போக வேண்டியதில்லை, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று மட்டும் அங்கே கேட்டுக்கொண்டு இங்கேயே பாருங்கள். கால் வீக்கம், நுரை நுரையாகச் சிறுநீர், மூச்சு வாங்குதல், விடாத காய்ச்சல் வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. லூபஸுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சி குளோரோகுயின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், அது நாளாக ஆகக் கண்ணைப் பாதிக்கலாம், கண் பரிசோதனையையும் விடாதீர்கள்.

செலவு விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. ரயில் கட்டணச் சலுகைப் பட்டியலில் புற்றுநோய் இருக்கிறது, தாலசீமியா இருக்கிறது, லூபஸ் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளிலும் இல்லை. வருடத்தில் நான்கு முறை சென்னைக்குப் போய் வரும் ஒரு பெண்ணுக்கு அரை டிக்கெட் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? சரி, இருப்பதையாவது பயன்படுத்துவோம். முதல்வர் காப்பீட்டு அட்டை எடுத்துவிடுங்கள், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அது பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்குத்தான், மாத்திரைக்கு மக்கள் மருந்தகத்தில் விலை கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் உங்கள் மாமியார். நீங்கள் எவ்வளவு விளக்கினாலும் அவருக்குப் புரியாது, ஏனென்றால் வலி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு முறை அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். என் மாமியார் ஒரு தடவை என்னோடு ஓ.பி. பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எதிரே இருபது வயதுப் பெண் ஒருத்தி, விரல்கள் கோணிப்போய், தண்ணீர் பாட்டில் மூடியைப் பல்லால் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் எழுந்துபோய்த் திறந்து கொடுத்துவிட்டு வந்தார். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் நான் அடுப்படிக்குப் போனபோது குக்கர் மூடியைத் திறந்து வைத்திருந்தார்.