ஜனவரி கடல்ல கைட் ஓட்டற புருஷனும் வேற சில கேள்விகளும்

கைட்போர்டிங் (பெரிய பட்டம் இழுக்க, கால்ல பலகைய மாட்டிட்டுத் தண்ணி மேல ஓடற விளையாட்டு) பத்திக் கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல சொன்னோம், வந்ததுல பாதி குளிர்காலத்தப் பத்தி. பதில் சொல்ற நான் ராமநாதபுரத்துக்காரன், இப்ப நெதர்லாந்துல குப்பை கொட்டறேன், வட கடல்ல கைட் ஓட்டறேன், வாத்தியார் எல்லாம் இல்ல.

கேள்வி: அண்ணா, என் வீட்டுக்காரர் கோடையில கைட்போர்டிங் போனா எனக்கு ஒண்ணும் இல்ல. டிசம்பர், ஜனவரியில கார் கண்ணாடியில ஐஸ சொரண்டிட்டு ஸ்கேவெனிங்கன் பீச்சுக்குக் கிளம்பறார். கேட்டா "உண்மையான கைட்டர் யாருன்னு குளிர்லதான் தெரியும்"ங்கறார். இது ஆர்வமா, இல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணுமா?
– வாசகி, டென் ஹாக்

வாடை அடிச்சா தலைவன் பக்கத்துல இல்லையேன்னு தலைவி ஏங்குவான்னு சங்கப் பாட்டு சொல்லும். உங்க வீட்டுல வாடை அடிச்ச உடனே தலைவனே போர்டத் தூக்கிட்டுக் கிளம்பிடறான், மத்தபடி கதை அதே கதைதான். (இங்க குளிர்காலத்துல பெரும்பாலும் தென்மேற்குல இருந்துதான் அடிக்கும், ஆனா பல்லு தந்தியடிக்க வெக்கற காத்து எல்லாம் எனக்கு வாடைதான்.)

டாக்டர் வேணாம்மா. அவர் குளிருக்காகப் போகல, காத்துக்காகப் போறார், குளிர் கூடவே ஒட்டிட்டு வருது, அவ்வளவுதான். கோடையில இங்க என்ன ஆகும்னா உயர் காத்தழுத்த மண்டலம் வந்து வாரக்கணக்குல உக்காந்துக்கும், மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் கடல்காத்து வந்தா உண்டு இல்லன்னா பீச்சுல உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு வரணும். 2024 ஒலிம்பிக்ஸ்ல முதல் தடவையா கைட்டச் சேத்தாங்க இல்ல, மார்செய்ல நடந்துச்சு, அங்கயே காத்து இல்லாம ரேஸ் தள்ளித் தள்ளிப் போச்சு. கடைசியில பிரிட்டனோட எல்லி ஆல்ட்ரிட்ஜும் ஆஸ்திரியாவோட வாலன்டின் போன்டுஸும் தங்கம் ஜெயிச்சாங்க, அது வேற விஷயம், ஆனா உலகத்துலயே நல்லா ஓட்டறவங்க எல்லாரும் கரையில உக்காந்து கொடித்துணிய வெறிச்சுப் பாத்துட்டு இருந்ததப் பாத்தப்போ எனக்கு இங்க நெதர்லாந்து ஜூலை மாசம்தான் ஞாபகம் வந்துச்சு. அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் கதையே வேற. துருவத்துக்கும் வெப்பமண்டலத்துக்கும் நடுவுல வெப்ப வித்தியாசம் குளிர்காலத்துல கூடிடும், அதனால வட அட்லாண்டிக்ல தாழ்வு மண்டலம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா பஸ் மாதிரி வந்துட்டே இருக்கும், 25 நாட்ஸ், 30 நாட்ஸ் (ஒரு நாட்னா மணிக்கு 1.85 கிலோமீட்டர்) எல்லாம் சாதாரணம்.

இன்னொண்ணு, குளிர் காத்து கனமான காத்து. 30 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து சுமார் 1.16 கிலோ, 0 டிகிரியில 1.29 கிலோ. அதாவது காத்து அளக்கற கருவியில வேகம் அதே 20 நாட்ஸ்னு காட்டினாலும் இழுப்பு பத்து சதவீதத்துக்கு மேல ஜாஸ்தி. கோடையில 12 சதுர மீட்டர் கைட் எடுக்கற காத்துக்கு ஜனவரியில 10 எடுத்தா போதும்னு பழைய ஆளுங்க சொல்றது சும்மா இல்ல. முதல் வருஷம் இது தெரியாம நான் பெருசா ஒண்ணப் பறக்கவிட்டு மணல்ல ஏர் ஓட்டின மாதிரி ரெண்டு கோடு போட்டுக்கிட்டே போனேன்.

சரி, உண்மையான கைட்டர் விஷயத்துக்கு வர்றேன். குளிர்ல போறதே ஒரு பட்டம் இல்ல. பிப்ரவரியில இங்க கடல் தண்ணி 5 டிகிரி, வெளிய 5 டிகிரி இருந்து 40 கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிச்சா ஒடம்புக்கு மைனஸ் 1 மாதிரி இருக்கும், இதுல யாரு வேணா ஒரு தடவ வீம்புக்கு எறங்கிடலாம். எறங்கினதுக்கு அப்பறம் ஆறு வாரம் தொடர்ந்து ஆபீஸ் நாள்ல இருட்டு, டிசம்பர் கடைசியில சூரியன் காலையில எட்டே முக்காலுக்கு மேல எழுந்திரிச்சு சாயங்காலம் நாலரைக்குப் படுத்துடுது, அப்ப மிச்சம் சனி ஞாயிறு, அந்த சனி ஞாயிறுலயும் காத்து வரணும், வந்த காத்து சரியான திசையில வரணும், அப்படி வந்த அன்னைக்கு அரை மணி நேரம் வெட்சூட்ங்கற ரப்பர் உடைக்குள்ள ஒடம்பத் திணிச்சு, கைட்டுக்குப் பம்ப் அடிச்சு, கைட்டப் பிடிச்சிருக்கற கயிறு, அதான் லைன், பிரிச்சு, முக்கால் மணி நேரம் தண்ணியில இருந்துட்டு, வந்து ரெண்டு மணி நேரம் மணலக் கழுவி காயப்போட்டு, அடுத்த வாரமும் இதையே செய்யறவன் இருக்கான் பாருங்க, அவன் பாதி தேறிட்டான். மீதி பாதி என்னன்னு எனக்கு ஒரு வயசான ஆளு காட்டினார்.

என்னோட முதல் குளிர்காலம். விலை குறைஞ்ச தடிமனான கையுறை ஒண்ணு வாங்கி மாட்டிட்டு எறங்கினேன். தடிமன் கையுறையில, கைட்டத் திருப்பற கைப்பிடிக் கம்பிய இறுக்கிப் பிடிக்க முழங்கைக்குக் கீழ தசை எல்லாம் கல்லாயிடும், அது அப்ப தெரியாது. வடமேற்குல ஒரு கருத்த மேகம் வந்துச்சு, மழை மேகம் வர்றப்போ காத்து எகிறும், அது தலைய தாண்டிப் போனதும் பொசுக்குன்னு செத்துடும். செத்துடுச்சு. கைட் தண்ணியில விழுந்துச்சு, திரும்ப எழுப்ப முடியல, நல்லவேளை காத்து கரையப் பாத்து இருந்ததால மெதுவா ஒதுங்கினேன். ஒதுங்கினா கை வேலை செய்யல. கைட்டோட நம்மளக் கட்டற இடுப்புப் பட்டையோட (ஹார்னஸ்) கொக்கி கழட்ட முடியல, சூட் ஜிப் பிடிக்க முடியல. அறுபது வயசு இருக்கும், அந்த மனுஷன் தன்னோட கைட்ட எறக்கிட்டு வந்து, ஒரு வார்த்த பேசாம என் லைன் எல்லாத்தையும் சுத்தினார், ஜிப்பக் கழட்டினார், என் கார் சாவிய வாங்கி அவரே கதவத் திறந்து என்ன உள்ள உக்கார வெச்சார். உதடு அவருக்கும் நீலமாதான் இருந்துச்சு. போறப்போ "லெக்கர்"ன்னார். டச்சுக்காரங்க சூப்புக்கும் அதத்தான் சொல்வாங்க, வெயிலுக்கும் அதத்தான் சொல்வாங்க, ருசியா இருக்குன்னு அர்த்தம். ரத்தம் திரும்பி வர்றப்போ விரல் நுனியில வந்த வலியில நான் கார்ல உக்காந்து அழுதுட்டு இருந்தேன், இந்தாளு ருசியா இருக்குங்கறார்.

அதனால உங்க வீட்டுக்காரர் திரும்பி வந்தா எத்தனை அடி எகிறினீங்கன்னு கேக்காதீங்க. இன்னிக்கு எத்தனை பேருக்கு கைட் எறக்கிக் குடுத்தீங்கன்னு கேளுங்க. முழிச்சார்னா எனக்கு எழுதுங்க.

கேள்வி: அதே வாசகிதான். பயமா இருக்குண்ணா. நான் என்ன செய்யலாம்?

கைட்லயும் போர்டுலயும் அவர் பேரும் போன் நம்பரும் அழியாத பேனாவுல எழுதச் சொல்லுங்க. ஆள் இல்லாம கைட் மட்டும் ஒதுங்கினா உயிர்காப்புப் படகு கிளம்பிடும், நம்பர் இருந்தா போன் பண்ணிக் கேட்டுக்குவாங்க. திரும்பற நேரம் ஒண்ணு பேசி வெச்சுக்குங்க, தாண்டினா அவருக்குப் போன் பண்ணுங்க, எடுக்கலன்னா யோசிக்காம 112. இங்க கடல்ல காப்பாத்தற கே.என்.ஆர்.எம். 1824ல இருந்து இருக்கு, பெரும்பாலும் தன்னார்வலர்கள், காப்பாத்தினதுக்குக் காசு வாங்க மாட்டாங்க. வருஷத்துக்கு ஒரு தடவ அவங்களுக்கு நன்கொடை குடுக்கச் சொல்லுங்க, கொஞ்சமாவது குற்ற உணர்ச்சி இருக்கட்டும்.

கேள்வி: சார், தூத்துக்குடியில அரை டவுசர் போட்டுட்டு கைட்போர்டிங் கத்துக்கிட்டேன். மேல் படிப்புக்கு ஜெர்மனி கீல் போறேன். குளிர்காலத்துல ஓட்டலாமா? எவ்வளவு செலவாகும்?
– வாசகர், தூத்துக்குடி

தம்பி, ஓட்டலாம், ஆனா போன உடனே வேணாம். நம்ம பக்கம் வாடைக்காத்து சீசன்னா தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், விழுந்தா சிரிச்சுக்கிட்டே எழுந்திரிப்போம். பால்டிக் பிப்ரவரியில 3, 4 டிகிரிக்கு வந்துடும். கனடாவுல மனிடோபா பல்கலைக்கழகத்துல கார்டன் கீஸ்பிரெக்ட்னு ஒரு பேராசிரியர், தானே பல தடவ ஐஸ் தண்ணியில எறங்கி ஆராய்ச்சி பண்ணவர், 1-10-1ன்னு ஒரு கணக்கு சொல்வார். சாதா துணியோட ஐஸ் தண்ணியில விழுந்தா முதல் 1 நிமிஷம் மூச்சு தாறுமாறா வாங்கும், அதக் கட்டுக்குள்ள கொண்டுவரணும், அடுத்த 10 நிமிஷம்தான் கையும் காலும் உருப்படியா வேலை செய்யும், நினைவு தப்பறதுக்கு 1 மணி நேரம் ஆகும். எல்லாரும் ஒறஞ்சு போய் செத்துடுவோம்னு பயப்படறாங்க, உண்மையில முதல்ல போறது கை. கை போச்சுன்னா ஆபத்துல கைட்டக் கழட்டி விடற க்விக் ரிலீஸ் இழுக்க முடியாது, லைன் சுத்த முடியாது. சூட் போட்டா இந்த நேரம் எல்லாம் நல்லா நீளும், ஆனா வரிசை மாறாது.

அதனால காசு இருக்கறத சூட்டுல போடு, கைட் பழசு வாங்கிக்கலாம். 5 மில்லிமீட்டர் தடிமன் போதாது, 6/4 வெட்சூட் (ஒடம்புக்கு 6, கை காலுக்கு 4), தலைக்கு ஹுட், காலுக்கு பூட்ஸ். கடையில போட்டுப் பாத்து வாங்கு, தொளதொளன்னு இருந்தா ஒவ்வொரு தடவ விழறப்பவும் புதுத் தண்ணி உள்ள போயிட்டு வரும், அப்பறம் எத்தன மில்லி இருந்து என்ன. உள்ள இருக்கற தண்ணி சூடாகிக் காப்பாத்துதுன்னு நெறைய பேர் நெனச்சுட்டு இருக்காங்க, உண்மையான வேலைய செய்யறது ரப்பருக்குள்ள இருக்கற குட்டிக் குட்டி வாயுக் குமிழிங்கதான். நெஞ்சுப் பக்கம் வழவழன்னு இருக்கற ரகமா பாரு, துணி ஒட்டின ரகம் தண்ணியப் பிடிச்சு வெச்சுக்கும், அந்த ஈரத்துல காத்து அடிச்சா ஆள முடிச்சுடும். கைக்கு உள்ளங்கை திறந்த மிட்டன், விரல் பிரியாத கையுறை. ட்ரைசூட்னு ஒண்ணு இருக்கு, உள்ள ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நனையாமலே ஓட்டலாம், சுகம்தான், ஆனா விலையக் கேட்டா உங்கப்பாவுக்கு வேர்க்கும். நல்ல வெட்சூட்டே சில நூறு யூரோ ஆயிடும்.

காதுல குளிர் காத்தும் தண்ணியும் வருஷக்கணக்குல போனா உள்ள எலும்பு வளந்து ஓட்டைய அடைச்சுடும், சர்ஃபர் காதுன்னே அதுக்குப் பேரு. ஹுட்ட கழட்டி ஸ்டைல் காட்டாத. கரையில இருந்து கடலப் பாத்து அடிக்கற காத்துல எப்பவும் எறங்காத. முதல் சீசன் முழுக்க தனியா போகாத. இதெல்லாம் உனக்குச் சொல்லிக் குடுத்தவங்களும் சொல்லியிருப்பாங்க, நானும் சொல்லி வெக்கறேன்.

கேள்வி: வெட்சூட்டுக்குள்ள ஒண்ணுக்குப் போவீங்களா? நேர்மையா பதில் சொல்லவும்.
– வாசகர், கோயம்புத்தூர்

போவோம். குளிர்ல ரத்தம் எல்லாம் உள்பக்கம் ஒதுங்கறதால சிறுநீரகம் ஜாஸ்தி வேலை பாக்கும், நம்ம தப்பு இல்ல. ட்ரைசூட் போட்டவன் மட்டும் மறந்துடக் கூடாது. அடுத்த கேள்வி.

கேள்வி: எங்கட அப்பா வல்வெட்டித்துறை. தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏத்தினதப் பற்றியே இப்பவும் கதைப்பார். நான் இஞ்ச சிம்கோ ஏரி உறைஞ்ச பிறகு ஸ்னோகைட் விடுறன். இதுவும் பட்டம்தானே எண்டு அவர் சொல்லுறார். உண்மையோ?
– வாசகர், டொராண்டோ

அப்பா சொல்றது நூத்துக்கு நூறு சரி. அங்க மார்கழி, தையில வாடை நிலையா வீசறதாலதான் பட்டக்காலமே அப்ப வருது, நீங்களும் அதே மாசங்கள்லதான் ஏரிக்குப் போறீங்க, குடும்ப நாட்காட்டி மாறவே இல்ல. யாழ்ப்பாணத்துப் பட்டத்துல விண் கட்டுவாங்க இல்லையா, காத்துல கூவும். 30 நாட்ஸ்ல என் கைட்டோட லைன் நாலும் சேந்து ஒரு சத்தம் போடும், அந்த சத்தத்த வெச்சே பழகினவன் காத்து ஏறுதா எறங்குதான்னு சொல்லிடுவான், அப்பாகிட்ட ஒரு தடவ கேக்க வெச்சுப் பாருங்க.

ஒரு வித்தியாசம் உண்டு. கடல்ல நாங்க ஓட்டற கைட்டுக்கு முன் விளிம்புல காத்தடிச்ச குழாய் இருக்கும், தண்ணியில விழுந்தாலும் மூழ்காம திரும்ப எழும்பணும்ல, அதுக்கு. பிரான்ஸ்ல பிரிட்டனிப் பக்கம் லெகெனூ அண்ணன் தம்பி ரெண்டு பேர், ப்ரூனோ, டொமினிக், 1984லயே அதுக்குக் காப்புரிமைக்கு விண்ணப்பிச்சுட்டாங்க, ஆனா ஊர் உலகம் கவனிக்க 90கள் கடைசி ஆயிடுச்சு. பதிமூணு வருஷம் ஒருத்தரும் கண்டுக்காத பொருளக் கட்டிக்கிட்டு அழுதாங்களே, உண்மையான ஆர்வலர்னு யாராவது கேட்டா நான் அவங்களக் காட்டுவேன். பனியில மூழ்கற பிரச்சினை இல்லாததால குழாயே இல்லாத ஃபாயில் கைட் நெறைய பேர் வெச்சிருப்பாங்க. உரசல் கம்மி, சின்ன கைட்டே பிச்சுக்கிட்டுப் போகும். 2010ல கிரீன்லாந்துல எரிக் மெக்நேர்-லாண்ட்ரியும் செபாஸ்டியன் கோப்லேண்டும் 24 மணி நேரத்துல 595 கிலோமீட்டர் போனாங்க, சென்னையில இருந்து மதுரையத் தாண்டி திருநெல்வேலிப் பக்கம் வந்துடலாம், பெட்ரோல் செலவே இல்லாம. நானும் ஒரு தடவ நார்வேயில ஹார்டாங்கர்வித்தா பீடபூமிக்குப் போனேன், நாலு நாள்ல ஒரு நாள்தான் மேகம் விலகுச்சு, வெள்ளை நிலம், வெள்ளை வானம், எது மேல எது கீழன்னே தெரியாம விழுந்து எழுந்தேன். ஐஸ் தடிமன் மட்டும் உள்ளூர் மீன் பிடிக்கறவங்ககிட்ட கேக்காம எறங்காதீங்க.

கேள்வி: இவ்வளவு பேசறீங்களே, நீங்க உண்மையான கைட்டரா?
– பெயர் வேண்டாம், திருச்சி

போன ஜனவரியில ஒரு சனிக்கிழமை, 4 டிகிரி, 28 நாட்ஸ், திசையும் சரி. ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிட்டு பீச்சுக்குப் போய், கார்லயே ஹீட்டரப் போட்டு உக்காந்தேன், வீட்டுல கட்டிக் குடுத்த இட்லியத் தின்னேன், ஃபிளாஸ்க்ல இருந்த டீயக் குடிச்சேன். முந்தின நாள் ஜுரம் விட்டிருந்துச்சு, சூட்டுப் பையத் திறக்கவே மனசு வரல. ஆனா வெளிய ஒரு பையன் கைட்டப் பிடிச்சுக்க ஆள் இல்லாம அல்லாடிட்டு இருந்தான், எறங்கிப் போய்ப் பிடிச்சுக் குடுத்தேன், அதுக்குள்ள அடுத்தவன் வந்துட்டான். எட்டு கைட் ஏத்தி விட்டேன், ஆறு எறக்கினேன், மீதி ரெண்டு பேர் நான் கிளம்பறவரைக்கும் வெளிய வரல, அவங்கள யாராவது எறக்கிடுவாங்கல்லன்னு பாத்துட்டு இன்னொரு கப் டீ ஊத்திக்கிட்டேன்.