கல்லுக்குள் ஒரு நாரோட்டம்

கேள்வி: பூமிக்கு அடியில் பாறை எந்தப் பக்கம் நகர்கிறது என்று நிலநடுக்க அலையை வைத்தே சொல்லிவிடுகிறார்களாமே, எப்படி?
- ஒரு வாசகி, தக்கலை

பதில்: என் அப்பாவுக்கு மார்த்தாண்டத்தில் மரவேலை. பலாப்பலகை வாங்கும் முன் ஒரு முனையில் காதை வைத்துக்கொண்டு, மறுமுனையில் என்னைத் தட்டச் சொல்வார். நாரோட்டத்தின் வாக்கில் ஒலி வேகமாக ஓடும், குறுக்கே மெதுவாக.

பூமியின் மேலோட்டுக்கு அடியில் இருக்கும் பாறை அடுக்கான மேல் கவசத்திலும் கதை இதுதான். அங்கே அதிகம் இருப்பது ஒலிவின். நகைக்கடையில் பெரிடாட் என்று விற்கிறார்களே, அந்தப் பச்சைக்கல்லேதான்! அதன் படிகத்தில் நெட்டலை (ஓடும் திசையிலேயே முன்னும் பின்னும் ஆட்டும் நிலநடுக்க அலை) ஓர் அச்சில் நொடிக்கு 9.9 கி.மீ. வரை ஓடும், இன்னோர் அச்சில் 7.7 தான். பாறை சூட்டில் மெல்லக் குழைந்து நகரும்போது, பெரும்பாலும் வேகமான அச்சு நகர்வின் பக்கம் திரும்பிக்கொள்ளும். 1964-இல் அமெரிக்க நிலவியலாளர் ஹாரி ஹெஸ் பசிபிக் கடலடியில் அலைவேகம் திசைக்குத் திசை மாறுவதை இந்த ஒலிவினோடு முடிச்சுப் போட்டார்.

குறுக்கலை (ஓடும் திசைக்குக் குறுக்கே ஆட்டும் அலை) என்றால், இப்படி அச்சு ஒரே பக்கம் திரும்பிய பாறைக்குள் நுழைந்ததும் இரண்டாகப் பிரியும். ஒன்று முந்தும், மற்றது சுமார் 1 நொடி பிந்தும். முந்தியது எந்தத் திசையில் ஆடியது என்பதுதான் பாறை நகர்ந்த பக்கத்துக்குத் துப்பு.

சரி, அது இன்றைய நகர்வா, பல கோடி ஆண்டுக்கு முன் மேல்தட்டில் உறைந்துபோன பழைய நகர்வா? வம்பே அங்கேதான்.