ஆசனிக் உள்ள மண்ணிலும் நெற்பயிர் எப்படிப் பச்சையாக நிற்கிறது?

நான் தம்பலகாமத்து வயற்காரர் வீட்டுப் பிள்ளை, இப்போது திருகோணமலையில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். எங்கள் வயலில் ஆசனிக் என்ற நச்சு மூலகம் இருக்கிறது என்று சொல்லவரவில்லை. வயலைக் காட்டிச் சொன்னால் விளங்கும், அவ்வளவுதான்.

நெல்லுக்கு ஆசனிக்கை அடையாளமே தெரியாது. காற்றோட்டமான மண்ணில் அது ஆசனேற்று என்ற வடிவில் இருக்கும். உருவத்தில், பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சத்தான பொசுபேற்றின் இரட்டைப் பிள்ளை மாதிரி. ஆகவே பொசுபேற்று போகும் வழியாலேயே உள்ளே போய், கலத்தின் சக்தி நாணயமான ஏ.ரீ.பி. உண்டாகும்போது பொசுபேற்றின் இடத்தில் குந்திக்கொள்ளும். அந்தப் பிணைப்பு உடனே உடைந்துவிடும். பயிர் பாடுபட்டும் சக்தி சேராது.

தண்ணீர் கட்டிய வயலில் கதை வேறு. சேற்றில் ஒட்சிசன் தீர்ந்ததும் இரும்போடு ஒட்டியிருந்த ஆசனிக் கழன்று, ஆசனைற்று என்ற இன்னொரு வடிவாக நீருக்குள் வரும். களை பிடுங்கும்போது நெல் இலை கையை அறுக்குமே, அந்த அரம் சிலிக்கா. சிலிக்கனை அள்ளி எடுக்க நெல்வேரில் தனி வாசலே உண்டு. ஆசனைற்றும் அதே வாசலால்தான் நுழைகிறது என்று ஜப்பான் ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள்.

உள்ளே வந்த ஆசனைற்று, நொதியங்களில் உள்ள கந்தகக் கூட்டங்களைப் பிடித்து அவற்றை முடக்கும். பயிரோ, வந்த ஆசனேற்றையும் ஆசனைற்றாக மாற்றிவிடுகிறது! "சேர், கூடின நஞ்சாக மாத்துறதா?" என்று வகுப்பில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஓம், கந்தகத்தோடு ஒட்டுவது அதுதானே. மண்ணிலிருந்து கந்தகத்தைக் கூடுதலாக எடுத்து, குளுதாதயோன் என்ற கந்தகமுள்ள சிறு மூலக்கூறைச் செய்து, அதைக் கோத்துப் பைற்றோகெலற்றின் என்ற சங்கிலி ஆக்கி, ஆசனிக்கைக் கட்டி, கலத்துக்குள் பை மாதிரி இருக்கும் புன்வெற்றிடத்துக்குள் போட்டுப் பூட்டுகிறது. இது சும்மா நடப்பதில்லை. குளுதாதயோன்தான் ஒட்சியேற்றச் சேதத்தையும் தடுக்க வேண்டும். அது இங்கே செலவானால் அங்கே தட்டுப்பாடு, பயிர் கட்டையாகும். நஞ்சு மிஞ்சினால் பூட்டும் தாங்காது.

சின்ன வயதில் அப்பப்பா ஒரு நெற்பயிரைப் பிடுங்கி வாய்க்காலில் அலசிக் காட்டினார். எவ்வளவு அலசியும் வேர் வெள்ளையாகவில்லை, துருப்பிடித்த கம்பி நிறம். "இது நோயில்லடா தம்பி, நல்ல வேர்" என்றார். ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் பல்கலைக்கழகம் போகும்வரை தெரியாது. வேர் கசியவிடும் ஒட்சிசனில் சேற்று இரும்பு துருவாகி வேரைச் சுற்றிப் படிகிறது. ஆசனிக்கில் ஒரு பங்கு அந்தத் துருவிலேயே பிடிபட்டு நின்றுவிடும். மிச்சத்தில் பெரும்பங்கு வேரில் பூட்டப்படும், வைக்கோலில் அதைவிடக் குறைவு, மணிக்குப் போவது ஆகக் கொஞ்சம்.

ஆனால் அந்தக் கொஞ்சத்தைத்தான் நாம் தினமும் தின்கிறோம். பயிர் பச்சையாக நிற்பதை வைத்து மண் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. சுத்தமான தண்ணீரை நிறைய விட்டுக் கஞ்சி வடித்தால் சோற்றில் ஒரு பங்கு ஆசனிக் குறையும். ரைஸ் குக்கர் வந்தபிறகு எங்கள் வீட்டிலேயே யாரும் வடிப்பதில்லை.