அம்மாவுக்கு ஒரு நினைவு மலர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மறைந்த அம்மாவுக்கு நினைவு மலர் அச்சிடப் போகிறோம். பிள்ளைகள் நான்கு பேரும் ஆளுக்கொரு கட்டுரை எழுதினோம். நான்கிலும் ‘தியாகத்தின் திருவுருவம்’ என்றுதான் இருக்கிறது. வேறெப்படி எழுதுவது?

பதில்: முதலில் அந்த வரியை வெட்டுங்கள். எல்லா அம்மாவுக்கும் பொருந்தும் வரியில் உங்கள் அம்மா இருக்கமாட்டார். ‘அம்மாவைப் பற்றி எழுது’ என்று பொதுவாகக் கேட்டால் யாராக இருந்தாலும் இப்படித்தான் எழுதுவார்கள். கேள்வியைச் சிறிதாக்குங்கள். காலையில் எழுந்ததும் முதல் வேலை எது? வீட்டுக் கணக்கை எதில் எழுதினார்? கோபம் வந்தால் பேசுவாரா, பேச்சை நிறுத்திவிடுவாரா? குடும்பத்தில் யார் சண்டையை எப்படித் தீர்த்தார்? ஆளுக்கு ஐந்து கேள்வி பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே கேள்வி இருவருக்குப் போக வேண்டாம். அவர் சொன்னதை அவர் பேசிய மாதிரியே எழுதுங்கள். இலக்கணம் பார்த்துத் திருத்தினால் குரல் போய்விடும்.

பிள்ளைகளுக்குத் தெரியாத பகுதி ஒன்று உண்டு: அவர் தாயாவதற்கு முந்தைய காலம். அவருடைய உடன்பிறந்தவர்கள், தோழிகள் யாராவது இருந்தால், மூத்தவரிடமிருந்து தொடங்கிச் சந்தியுங்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் உரக்கப் பேசுபவரின் நினைவே மற்றவரின் நினைவாகிவிடும். கையில் ஒரு பழைய படத்தைக் கொடுத்து, ‘ஓரத்தில் நிற்பது யார்?’ என்று ஆரம்பியுங்கள். ‘எந்த வருஷம்?’ என்றால் பெரும்பாலும் பதில் வராது. ‘மூத்தவன் பிறப்பதற்கு முன்பா, பின்பா?’ என்றால் வரும்.

பேச்சை மொபைலில் பதியலாம். ஏரோபிளேன் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றுபோகலாம். மின்விசிறியை அணைத்து, மடித்த துணியின் மேல் மொபைலை வைத்தால் மேஜை அதிர்வு கேட்காது. தொடக்கத்திலேயே பேசுபவர் பெயரையும் தேதியையும் சொல்லிவிடுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் முதியவர்களை உட்கார வைக்காதீர்கள்.

சான்றிதழில் ஒரு பிறந்த தேதி, வீட்டில் சொல்வது வேறொன்று என்றால், எது எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு இரண்டையும் போடுங்கள்.

நடுவில் பின் அடிக்கும் புத்தகமென்றால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 30 பக்கத்துக்கு எழுதினால் இரண்டு பக்கம் வெறுமையாக நிற்கும். 28 அல்லது 32 என்று திட்டமிடுங்கள்.

கேள்வி: படங்களெல்லாம் பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கின்றன. சில சின்னப் படங்களைப் பெரிதாக்கவும் வேண்டும்.

பதில்: விரலால் பிய்த்தால் படம் வளைந்து மேற்பூச்சு வெடிக்கும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலை ஒரு மூலையில் நுழைத்து, ரம்பம் போல முன்னும் பின்னும் இழுத்தபடி எதிர் மூலை வரை கொண்டுபோங்கள். நகரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பக்கத்தோடு ஸ்கேன் செய்யலாம். தண்ணீர் வேண்டவே வேண்டாம். சட்டக் கண்ணாடியில் ஒட்டிய படத்தையும் பிரிக்காமல், ஃபிளாஷ் இல்லாமல், இருபக்கமும் சாய்வாக விளக்கு வைத்துக் கண்ணாடியோடு படம் எடுங்கள்.

ஸ்கேன் 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) இருக்கட்டும். 2×3 அங்குலப் படம் 1200×1800 பிக்சலாகும்; அச்சுக்கு 300 டிபிஐ என்று கொண்டால் 4×6 அங்குலம் வரை தெளிவாக வரும். பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்கு 1200 வையுங்கள். மூலப் பிரதியைத் தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள்; ஜேபெக் (JPEG) கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது தரம் குறைந்துகொண்டே போகும். படத்தின் பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அல்லாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். மலர் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பின்புறத்தில் பெயர் எழுதப் பால்பாயின்ட் பேனா கூடாது, முன்பக்கம் தடம் விழும். மென்மையான பென்சிலால் ஓரமாக எழுதலாம். பென்சில் பிடிக்காத வழுவழுப்பான தாளா? உறையில் எழுதிவிட்டு, பிறகு படத்தை அதற்குள் போடுங்கள்.

கேள்வி: சிறுவயதிலேயே இறந்துபோன எங்கள் தம்பியையும், சொத்துத் தகராறையும் மலரில் சேர்க்கலாமா?

பதில்: தம்பியைப் பெயரோடும் வருஷத்தோடும் கட்டாயம் சேருங்கள், அவனும் அவர் பெற்ற பிள்ளைதான். தகராறு வேண்டாம். உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய பத்தி எதுவானாலும், அச்சுக்குப் போகுமுன் அவர்களிடம் காட்டிச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.