வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் மனை, கிணறு, போர்வெல் பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி (ராணிப்பேட்டை): சிப்காட் பக்கம் ஒரு மனை. 30 வருட வில்லங்கம் சுத்தம், பட்டாவும் சரி. அக்கம்பக்கத்தைவிட விலை குறைவு. அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நிலம் யார் யார் கைமாறியது, எங்கே அடமானம் இருந்தது என்பதைத்தான் வில்லங்கச் சான்று சொல்லும். அங்கே எதைக் கொட்டினார்கள் என்று சொல்லாது. உங்கள் ஊரிலேயே 1990களில் மூடிய, தோல் பதனிடும் குரோமிய உப்பு தயாரித்த குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு லட்சம் டன்னுக்கு மேல். விலை ஏன் குறைவு என்று விற்பவரைக் கேட்டுப் பயனில்லை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் கேன் தண்ணீர் இருக்கிறதா, அவர்கள் கிணற்றில் வாளி இறங்குகிறதா என்று பாருங்கள். மூலப்பத்திரத்தில் தோல் ஷெட், ஆயில் குடோன், பட்டறை என்று ஏதாவது வருகிறதா என்று படியுங்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களை இலவசமாகவே பார்க்கலாம்.

இவ்வளவு சொல்கிற நான் 2009ல் சென்னைப் புறநகரில் ஒரு கிரவுண்ட் வாங்கியபோது இதில் ஒன்றையும் செய்யவில்லை. செப்டிக் டேங்குக்குத் தோண்டிய அன்று நாலாவது அடியில் மண் கறுத்தது. கடப்பாரையில் ஏதோ தட்டியது. எடுத்தால், உடைந்த லாரி பேட்டரி ஓடு. அப்புறம் இன்னொன்று, அப்புறம் ஒரு கூடை. மேஸ்திரி கையை உதறிக்கொண்டு, "சார், இது ஈயத்துக்காகப் பேட்டரி உடைச்ச இடம்" என்றார். மேலே மூன்றடிக்குச் செம்மண் அடித்து மட்டம் பண்ணி விற்றிருந்தார்கள். அந்தச் செம்மண்ணைக் கையில் அள்ளி "நல்ல மண்" என்று பாராட்டியவன் நான்தான்.

அதனால் மேல்மண்ணை மட்டும் பொட்டலம் கட்டி லேபுக்கு அனுப்பாதீர்கள். ஒரு மணி நேரம் ஜேசிபி பிடித்து, நாலைந்து இடத்தில், அடித்த மண் முடிந்து பழைய மண் தொடங்கும் வரை தோண்டி, அங்கிருந்து எடுங்கள்.

கேள்வி (ஆம்பூர்): தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் குடித்தால், தோல் கழிவிலிருந்து கலந்த குரோமியம் போய்விடும்தானே?

பதில்: போகாது. தண்ணீர் ஆவியாகும், குரோமியம் பாத்திரத்திலேயே கிடக்கும்.

கேள்வி (சென்னை, மாதவரம்): வாங்கப்போகும் வீட்டின் போர் தண்ணீரில் ஆர்.ஓ. விற்பவர் மீட்டரை விட்டுக் காட்டினார். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த மொத்த உப்பு) 480 வந்தது. "500க்குள் இருக்கு, பயமில்லை" என்கிறார். நம்பலாமா?

பதில்: இந்த மீட்டரைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தேன். அந்தப் பேனா அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை மட்டும். அதிலிருந்து மொத்த உப்பை ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், ஈயத்துக்கு 0.01. வரம்பைப் போலப் பத்து மடங்கு குரோமியம் கலந்திருந்தாலும் அது அரை மில்லிகிராம்தான். 480 என்ற எண் அசையவே அசையாது. பூச்சிமருந்தும் பெட்ரோலும் மின்சாரத்தைக் கடத்தாததால் அதன் கண்ணிலேயே படாது. தண்டையார்பேட்டையில் 2013ல் நிலத்தடிக் குழாய் கசிந்து போர் தண்ணீரோடு எரிபொருள் வந்தபோது, முதலில் கண்டுபிடித்தது மூக்கு.

இதைவிட மோசம், இரண்டு கம்பியை டம்ளரில் விட்டுத் தண்ணீரைக் காப்பி நிறமாக்கிக் காட்டும் வித்தை. அந்த நிறம் கம்பியின் இரும்பு கரைந்து வருவது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, கம்பி கரையாது, அதனால் தெளிவாக நிற்கும். ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு மறுபடி காட்டச் சொல்லுங்கள், ஆள் பையைக் கட்டிவிடுவார். (ஒரு காலத்தில் இதே மீட்டரை 1,500 ரூபாய்க்கு நானும் வாங்கினேன். இப்போது பேத்தி விளையாடுகிறாள்.)

நீங்கள் செய்ய வேண்டியது: குடிநீர் வடிகால் வாரியத்தின் லேபிலோ அங்கீகாரம் பெற்ற தனியார் லேபிலோ கட்டணம் கட்டி, உலோகங்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அதன்பிறகு பிடியுங்கள். தொட்டித் தண்ணீர் வேண்டாம். பாட்டிலை லேபிலிருந்தே வாங்குங்கள். உலோகச் சோதனை பாட்டிலில் அவர்கள் அமிலம் சேர்த்துத் தருவார்கள், கழுவித் தொலைக்காதீர்கள்.

கேள்வி (திருப்பூர்): நொய்யல் ஓரம் ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு. சாயப்பட்டறைகள் இப்போது கழிவை வெளியே விடுவதில்லை என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போது விடாதது சரி, முன்னே விட்டது எங்கே போகும்? நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்கென்று கட்டி, கடைசியில் சாயத் தண்ணீர் தேங்கிய கதை உங்களுக்கே தெரியும். 2011ல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதால் மண்ணில் இறங்கிய உப்பு மேலே வந்துவிடாது. சாயக் கழிவின் பிரதானத் தொல்லை உப்பு என்பதால், மேலே நான் திட்டிய அந்த மீட்டர் இங்கே ஓரளவு உதவும். ஒரு தடவை போதாது. கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று.

கேள்வி (கோவை): வாட்ஸ்அப் வீடியோ பார்த்து, நேரில் போகாமலே பத்திரம் முடித்தேன். 300 மீட்டரில் குப்பைமேடு இருக்கிறது. போர் தண்ணீரில் நாற்றம். யார் மேல் வழக்குப் போடலாம்?

பதில்: தலையணை வாங்கினால்கூட அமுக்கிப் பார்ப்போம். சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத குறையைத்தான் விற்பவர் தானாகச் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். குப்பைமேடு அந்த வகையில் வராது.

கேள்வி (வாணியம்பாடி): ஓய்வுப் பணத்தில் லேஅவுட் மனை வாங்கினோம். 'இனிப்பான நிலத்தடி நீர்' என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். குழாயைத் திறந்து குடித்தும் காட்டினார்கள். வீடு கட்டிய பிறகுதான் அது லாரித் தண்ணீர் நிரப்பிய தொட்டி என்று தெரிந்தது. எங்கள் போரில் குரோமியம் 0.4. ஏமாளிகள் என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

பதில்: அம்மா, நீங்கள் போய்ப் பார்த்தீர்கள், கேட்டீர்கள், குடித்தும் பார்த்தீர்கள். இதற்கு மேல் யார் செய்வார்? சிரிப்பவர்களை விடுங்கள். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 55, தனக்குத் தெரிந்த மறைவான குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. வெறும் நிலம் விற்பது வேறு, வசதிகளோடு லேஅவுட் போட்டு விற்பது சேவை என்று உச்ச நீதிமன்றம் 2012ல் சொல்லிவிட்டது. எனவே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நோட்டீஸ், ரசீது, லேப் ரிப்போர்ட் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். கெடு 2 ஆண்டு, தள்ளிப்போட வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஆட்சியருக்கும் தனியாக மனு கொடுங்கள். மாசுபட்ட இடங்களுக்கென்றே 2025ல் மத்திய அரசு விதிகள் வந்திருக்கின்றன. சுத்தம் செய்யும் செலவு கெடுத்தவர் தலையில் என்பதுதான் அதன் அடிப்படை. சுத்தமாகும் வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீர்கள்.

கேள்வி (காஞ்சிபுரம்): மண்ணைத் தோண்டிச் சோதிக்க வேண்டும் என்று கேட்டால், விற்பவர் தப்பாக நினைக்க மாட்டாரா?

பதில்: நினைக்கட்டும். செலவு உங்களுடையது, குழியை மூடித் தருவதும் உங்கள் பொறுப்பு என்று சொல்லிப் பாருங்கள். அப்போதும் முடியாது என்றால் ஜேசிபி வாடகை மிச்சம்.